சவரிமுத்து, வி. (2021)

ஜூலை 4, 2023. செவ்வாய்

புனித அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டு இன்று முதல் செவ்வாய். காலைப் பூசை கண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். எண்ணிப் பார்த்தால் கடைசிச் செவ்வாய் செப்டம்பர் 26இல் விழுகிறது. மகள் விண்ணரசி தீசிஸைக் கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 30. அன்றோடு பதிவு செய்து ஆறு வருஷம் முடிகிறது, அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்ட மாட்டார்களாம். 30 சனிக்கிழமை, ஆபீஸ் இருக்காது. 29 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தோணியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவர். மூன்று நாள் மிச்சம் வைத்தே முடித்துக் கொடுப்பார்.

வேண்டுதல்: அரசியின் தீசிஸ். இன்னொன்று அவருக்கே தெரியும்.

என் பங்கு ரெஃபரன்ஸ் பட்டியல். நான் பத்தாம் வகுப்பு வரைதான். அரசி ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருஷம் டைப்படிக்கப் பழகி, பல்கலைக்கழகத்து விதிக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பைண்டிங்குக்காக இடது மார்ஜின் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒன்று. பட்டியலில் குடும்பப் பெயர் முதலில், பிறகு இனிஷியல், பிறகு அடைப்புக்குறிக்குள் வருஷம். உள்ளே யார் பெயரைச் சொன்னாலும் அவர் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் இருக்கிறவர் உள்ளே எங்காவது வந்திருக்க வேண்டும். வரவும் செலவும் மாதிரிதான். வீட்டுக் கணக்கு எழுதும் நீள நோட்டிலேயே இரண்டு பத்தியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மொத்தம் 214.

சிலிண்டர் இன்று மாற்றினேன். அரசி அப்பா வேலை விஷயமாகத் திருப்பூரில்தான் இருக்கிறார். பூசையில் அவர் கருத்துக்கும் ஒப்புக்கொடுத்தேன்.

ஜூலை 9. ஞாயிறு

இரண்டாம் பூசை. மதியம் கத்திரிக்காய்க் குழம்பு. அதன்பின் நாலாம் அத்தியாயத்தைச் சரிபார்த்தோம்.

அரசியின் தீசிஸ், புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்கள் அரசாங்கப் படிவங்களை எப்படி நிரப்புகிறார்கள் என்பது பற்றி. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை, பாங்கு, எல்லாவற்றிலும் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதுகிறார்கள் என்று நாற்பது பெண்களிடம் கேட்டிருக்கிறாள். அவர்கள் பெயர் தீசிஸில் வராது, எண்தான். பட்டியலிலும் வர மாட்டார்கள். வேறொருவர் தேடி எடுத்துப் பார்க்க முடியாததைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

"வெள்ளைக்காரனுக்குப் பின்னாடி வர்றது குடும்பப் பேரு. நம்ம ஆளுங்களுக்குப் பின்னாடி ஏது? முன்னாடி ஒத்தை எழுத்து இருக்கு, அது அப்பன் பேரு. எப்படிம்மா பிரிக்கிற?" என்று கேட்டாள்.

"அவங்க வேலை பார்க்கிற காலேஜ் பக்கத்துல போய்ப் பார்ப்பேன். அப்பன் பேருக்கு அடியில புள்ளயப் போட்டுட்டா பாவமில்லையா. எழுதினது அப்பன் இல்லியே."

"உன்னை எங்க டிபார்ட்மெண்ட்ல மார்ஜின் அம்மான்னு சொல்றாங்க."

"சொல்லட்டும். உனக்கு ஒத்தை எழுத்தாவது இருக்கு."

"அந்த ஒத்தை எழுத்தே எனக்கு ஜாஸ்தி," என்றாள்.

17ஆம் எண் பெண்ணின் பத்தியை இரண்டு தடவை படித்தேன். வரி இடைவெளி சரியா என்று பார்க்கத்தான்.

ஜூலை 18. செவ்வாய்

மூன்றாவது செவ்வாய். பட்டியலில் 209 சரி. ஐந்துக்குப் பக்க எண் வேண்டும்.

ஜூலை 27. வியாழன்

எழுதவே கை வரவில்லை.

திருட்டைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரில் தீசிஸைப் போட்டுப் பார்த்து, கைடு மங்கையர்க்கரசி மேடம் அறிக்கையை அனுப்பியிருக்கிறார். பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அரசிக்கு 34. அதில் 27 ஒரே இடத்திலிருந்து. அறிக்கையில் சிவப்பாக இருக்கிறது: சவரிமுத்து, வி. (2021).

அது அரசியின் சொந்தக் கட்டுரை. நாலாம் அத்தியாயத்தைத்தான் சுருக்கி ஜர்னலில் போட்டாள். தன் கட்டுரையைத் தானே தீசிஸில் சேர்த்துக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் அது தன் பெயரில் இருக்க வேண்டும். தீசிஸில் அவள் எஸ். விண்ணரசி. ஜர்னலில் வி. சவரிமுத்து என்று இருக்கிறது. மெஷினுக்கு இரண்டு பேர்.

ஜர்னல் படிவத்தை நிரப்பியது நான். 2021 டைரியை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 18இல் இப்படி எழுதியிருக்கிறேன்:

"அரசிக்கு ஜுரம் 102. கஞ்சி. புதுக் கண்ணாடி வாங்கி வந்தேன், மாத்திரை அட்டையின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. கட்டுரை அனுப்ப இன்று கடைசி நாள் என்பதால் சாயங்காலம் அரசிக்குப் பதில் நானே படிவத்தை நிரப்பி அனுப்பினேன்."

குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி. 'எஸ்' என்று போட்டேன், ஒரு எழுத்து போதாது என்று சிவப்பில் வந்தது. அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. நடந்தது இவ்வளவுதான்.

அச்சில் வந்தபோது அரசி இரண்டு நாள் பேசவில்லை. பெட்டி ஒத்தை எழுத்தை ஏற்கவில்லை என்று சொன்னேன். மேடமும், இனிஷியலை விரித்ததுதானே, பரவாயில்லை என்றார். அப்படியே விட்டுவிட்டோம். ஜர்னல் வந்த அன்று அந்தப் பக்கத்தை நான் பிரதி எடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் அவர் பெயர் அச்சில் இருப்பது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதுதான்.

எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருப்பது எவ்வளவு உதவியாக இருக்கிறது.

ஜூலை 31. திங்கள்

ஜர்னலுக்கு எழுதிக் கேட்டோம். பெயரைத் திருத்தலாமாம். திருத்தம் டிசம்பர் இதழில் வரும், அதற்கு முன் எதுவும் எழுதித் தர முடியாதாம்.

மேற்கோள் குறி போட்டு 'சவரிமுத்து சொல்கிறார்' என்று கொடுத்துவிட்டால் திருட்டு ஆகாதே என்று கேட்டேன். அரசி என்னைப் பார்த்தாள்.

"நாலாம் அத்தியாயம் முழுக்க அவர் சொன்னதா ஆயிடும். விட்டுட்டுப் போனவர் சொன்னதா. அதுவுமில்லாம கட்டுரை என்னுது இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. சொந்தமா ஒரு கட்டுரை வராம தீசிஸ் குடுக்க முடியாது."

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8. செவ்வாய்

ஆறாவது செவ்வாய். பூசை முடிந்து நேரே அரசியோடு பல்கலைக்கழகம் போனேன். ஆராய்ச்சிப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு என் வயது இருக்கும். மேஜையில் திருநீறு டப்பா, கண்ணாடிக்கு அடியில் பிள்ளைகள் படம். நல்ல மனிதர்தான். காகிதம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"பாப்பா எழுதினதுதான், எனக்குத் தெரியுதும்மா. ஆனா நான் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ண. கமிட்டி கேக்கும். சவரிமுத்துன்னு ஒரு ஆள் இருக்காரா?"

"எங்க அப்பா," என்றாள் அரசி.

"அப்பறம் என்ன. கட்டுரைய எழுதினது நான் இல்ல, என் பொண்ணுதான்னு அவரு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அடையாள அட்டை ஜெராக்ஸ் ஒண்ணு. பத்து சதவீதத்துக்குள்ள கொண்டுவந்துடலாம்."

அரசி காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"அப்பா காலமாயிட்டாரா? அப்படின்னா இன்னும் சுலபம். டெத் சர்டிபிகேட் வெச்சிருங்க, போதும்."

"உயிரோட இருக்காரு. எங்களோட இல்ல. இருபது வருஷம் ஆச்சு," என்றாள் அரசி.

"டைவர்ஸா?"

"இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லியேம்மா," என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அரசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். "நாப்பது பேருகிட்ட இதைத்தான் கேட்டுக் கேட்டு எழுதினேன். நாப்பது பேரும் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க," என்றாள். பிறகு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். போகிற பிள்ளைகள் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 15. செவ்வாய்

ஏழாவது செவ்வாய். மாதா விண்ணேற்புத் திருநாள். இந்த நாளில் பிறந்ததால்தான் விண்ணரசி என்று பெயர் வைத்தார் அரசி அப்பா. முப்பது வயது முடிந்தது. பாயசம் வைத்தேன். தொடவில்லை.

"அவர்கிட்ட போய் நிக்க மாட்டேன். ஆறு வருஷம் போனாலும் பரவாயில்ல," என்றாள்.

பாயசத்தை மூடி வைத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்கிறாள். நான் போனால் அது வேறு.

ஆகஸ்ட் 22. செவ்வாய்

எட்டாவது செவ்வாய். அவருடைய தங்கைக்குப் போன் போட்டு விலாசம் வாங்கினேன். பச்சைக் கரை பட்டுப் புடவையை வெயிலில் போட்டு எடுத்தேன். பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. தலைக்கு மருதாணி.

யோசித்துப் பார்த்தால் அந்தோணியார் வழி விசித்திரமாகத்தான் இருக்கிறது. இந்தப் பெயர் குழப்பம் வராமல் இருந்திருந்தால், போவதற்கு எனக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

ஆகஸ்ட் 24. வியாழன்

கோயிலில் பங்குச் சபைக் கூட்டம் என்று அரசியிடம் சொல்லிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினேன். திருப்பூரில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேரப் பதினொன்றரை. பனியன் கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். நாலாவது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். தலைக்குச் சாயம் பூசுகிறார் போல.

"யாரு வேணும்?" என்றார். பிறகு, "ஜெசிந்தாவா?" என்றார். பெயர் நினைவிருக்கிறது.

உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அரசி டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள், ஒரே ஒரு கையெழுத்து வேண்டும், நானே டைப்படித்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று.

"கோர்ட்டா?"

"கோர்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. காலேஜுக்கு."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "ஏனுங்க, எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்க. முக்கு வீட்டுக்காரரு இப்படித்தான் படிக்காம போட்டுட்டு, ஜீவனாம்சத்துக்கு இன்னும் அலையறாரு."

அவர் காகிதத்தை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்தது. தமிழிலும் ஒன்று அடித்துக் கொண்டுவந்திருக்க வேண்டும், அது என் தப்பு.

"என் பேரு எப்படி அதுல வந்துச்சு?"

"பெட்டி ஒத்தை எழுத்த ஏத்துக்கல."

"போட்டது யாரு? அவளா?"

"நான்தான்."

"எதுக்கு?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "தப்பா நினைச்சுக்காத. எனக்கு இந்த வயசுல வம்பு வேண்டாம்," என்றார். தெரு முனைக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். "அவ என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?"

"உங்களப் பத்தி ஒண்ணுமே எழுதல," என்றேன். உண்மைதான். மேலே எழுதியவர் பெயர் இருக்கிற இடத்தைத் தவிர அந்தக் கட்டுரையில் அவர் எங்கேயும் இல்லை.

அந்தப் பெண் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நல்ல நிறம்.

ஆகஸ்ட் 25. வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை.

செப்டம்பர் 5. செவ்வாய்

பத்தாவது செவ்வாய். மேடம் கமிட்டியில் பேசிப் பார்த்தாராம். பேருக்கு உரியவர் கையெழுத்து, இல்லையென்றால் ஜர்னலின் திருத்தம், இரண்டில் ஒன்று வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். தாய் எழுதிக் கொடுத்தால் செல்லாதாம்.

அரசி சாப்பிடுவதில்லை. புத்தகங்களில் ஒட்டியிருந்த கலர்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "நூலகத்துப் புக்கு. திருப்பிக் குடுக்கணும்ல," என்றாள்.

நான் பட்டியலை முடித்துவிட்டேன். 214க்கு 214. அவளுடைய கட்டுரையை 'விண்ணரசி, எஸ்.' என்றே போட்டிருக்கிறேன். இந்த வேலையில் ஒரு புள்ளி தவறில்லை என்று மேடமே சொன்னார்.

செப்டம்பர் 14. வியாழன்

கையெழுத்து வந்துவிடும் என்று சொல்லி ஐந்து பிரதி பைண்டிங்குக்குக் கொடுக்க வைத்தேன். "எப்படி வரும்?" என்றாள். "அந்தோணியார் இருக்காரு," என்றேன்.

செப்டம்பர் 19. செவ்வாய்

பன்னிரண்டாவது செவ்வாய். பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை. தலைவலி.

மத்தியானம் ஒரு காகிதத்தில் பேனா ஓடுகிறதா என்று பார்த்தேன். ச-வுக்கு மேல் ஒரு சுழி, முத்துவின் கடைசியில் நீளமாக ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. கை மறக்கவில்லை.

செப்டம்பர் 26. செவ்வாய்

பதின்மூன்றாவது செவ்வாய். நேர்ச்சை முடிந்தது. பீடத்தில் பன்னிரண்டு மெழுகுவர்த்திதான் ஏற்றினேன். பதின்மூன்றாவதை ஏற்றாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

காபியோடு அந்தக் காகிதத்தை அரசி முன்னால் வைத்தேன். அப்பா கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார் என்று சொன்னேன். அவருடைய பழைய வாக்காளர் அட்டை ஜெராக்ஸ் பீரோவில் இருந்தது, அதையும் பின் பண்ணியிருந்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். கையெழுத்து மேல் விரலை வைத்தாள்.

"அப்பா கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. நான் பார்த்ததே இல்ல. ஆனா இது தெரியும்."

காபி டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"அஞ்சாவதுலேர்ந்து பன்னண்டாவது வரைக்கும் என் ரேங்க் கார்டுல எல்லாம் இதுதான். கீழ ரெண்டு புள்ளி. யாரு போட்டதுன்னு டீச்சர் கேப்பாங்க. எங்கப்பான்னு சொல்லுவேன்."

"தெரியுமா உனக்கு?"

"ரேங்க் கார்டுல புருஷன் கையெழுத்தப் போடற பதினேழாம் நம்பர் யாருன்னு நினைச்ச? ரெண்டு தடவ இடைவெளி பார்த்தியே."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து போய் அணைக்கவில்லை. அவள்தான் போனாள். திரும்பி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு நாள் இருக்கு. குடுத்துரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"நாப்பது பொம்பளைங்க கள்ளக் கையெழுத்துப் போட்டுத்தான் பொழைக்க வேண்டியிருக்குன்னு எழுதியிருக்கேன். அதைக் குடுக்கறதுக்கும் ஒரு கள்ளக் கையெழுத்தாம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். காகிதத்தை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

செப்டம்பர் 29. வெள்ளி

ஆபீஸ் ஐந்தே முக்காலுக்கு மூடுவார்கள். ஆறு மணிக்கு அரசி குளித்துவிட்டு வந்து துணி மடித்தாள்.

அக்டோபர் 3. செவ்வாய்

எண்ணிக்கையில் சேராத செவ்வாய். ஆனாலும் போய்விட்டு வந்தேன்.

ஐந்து பிரதியும் பைண்டிங்கிலிருந்து வந்துவிட்டன. கருநீல அட்டை, பொன் எழுத்து, எஸ். விண்ணரசி. மார்ஜின் கனக் கச்சிதம். பழைய போர்வையில் சுற்றி பீரோவின் மேல் வைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து பதிவு செய்யலாம் என்று மேடம் சொல்கிறார். அரசி மாட்டேன் என்கிறாள். வருகிற திங்கள்கிழமையிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை.

மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து அவளும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள். இந்த ஒரு வாரத்தில் அவளாக வந்து உட்கார்ந்தது இன்றுதான்.

"அம்மா, நேத்து அந்த ஜர்னல் படிவத்தத் தொறந்து பார்த்தேன். குடும்பப் பேரு பெட்டிக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. குடும்பப் பேரு இல்லாதவங்க தன் பேரையே ரெண்டு தடவ போடலாம்னு. அன்னைக்கும் அந்த வரி இருந்துச்சா?"

பீன்ஸின் நார் கத்தியில் சிக்கியிருந்தது. எடுத்தேன்.

"தெரியலடா. அப்ப எனக்குக் கண்ணாடி இல்ல. பொடி எழுத்து எங்க தெரிஞ்சுது," என்றேன்.

"ஆமால்ல," என்றாள். "பாவம், உன்னப் போய்க் கேக்கறேன் பாரு." என் தோளில் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எத்தனையோ மாதம் ஆயிற்று.

அவள் கடைக்குப் போனதும் டைரிகளை வருஷ வரிசையில் அடுக்கினேன். 2019, 2020, 2022. 2021ஐ மட்டும் பச்சைக் கரை பட்டுப் புடவைக்குள் வைத்து மடித்தேன்.

சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பீன்ஸ் பொரியல்.